விறைப்பு அணியைத் திரும்பத் தாருங்கள்

கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நேரியலற்ற கணக்கின் (விசையும் வளைவும் ஒரே விகிதத்தில் கூடாத கணக்கின்) நடுவே தொடுகோட்டு விறைப்பு அணியை, அதாவது அந்தக் கட்டத்தில் கட்டமைப்பு மேலும் வளைவதை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் எண் அட்டவணையை, கோப்பாக எழுதித் தந்த கட்டளையைப் புதிய பதிப்பில் நீக்கிவிட்டீர்கள். நேரியல் கணக்குக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். அங்கே, பெரிய மாதிரியைச் சில அதிர்வு வடிவங்களாகச் சுருக்கும் கிரெய்க்–பாம்ப்டன் முறை 1968 முதலே உண்டு. மென்பொருளுக்குள்ளேயே அது இருக்கிறது. எங்களுக்கு வழி தேவைப்படுவது மற்ற இடத்தில்தான்.

நாங்கள் பார்ப்பது விமானத்தின் மெல்லிய வெளித்தகடுகளை. எஞ்சின் இரைச்சலில் தகடு தன் தடிமன் அளவுக்கு வளையும்போது, உள்ளே இழுவிசை எழுந்து விறைப்பு கூடுகிறது. அதன் களைப்பு ஆயுளைக் கணிக்க நீண்ட நேர அதிர்வுப் பதிவு வேண்டும். லட்சக்கணக்கான மாறிகளுடன் அதைக் கணக்கிட்டால் நாள்கணக்கில் ஓடும். ஆகவே 20 அதிர்வு வடிவங்களும், வளைய வளைய விறைப்பு மாறுவதைச் சொல்லும் அவற்றின் இருபடி, முப்படிக் கெழுக்களும் கொண்ட சுருக்க மாதிரியாக மாற்றுகிறோம்.

அணி கைக்கு வராவிட்டால், முராவ்யோவும் ரிஸ்ஸியும் 2003இல் வெளியிட்ட வழிதான் மிச்சம்: தகட்டை ஒவ்வொரு வடிவத்திலும், பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்தும் வளைத்து, எதிர்விசையைப் படித்தெடுக்க வேண்டும். 20 வடிவங்களுக்கு 1,750 நிலைக் கணக்குகள் (தகடு அதிராமல் நிற்கும் கணக்குகள்). ஒவ்வொன்றுக்கும் உரிமத்துக்குக் காத்திருந்து, முடிவுக் கோப்பைத் திறந்து, விசைகளைப் பிரித்தெடுக்கிறோம். நடுவில் உரிமம் அறுந்தால், எங்கள் இளம் பொறியாளர்கள் நள்ளிரவில் எழுந்து மறுபடி ஓடவிடுகிறார்கள். வளைத்த அளவு மிகச் சிறிதாக இருந்தால் கெழுக்கள் எண்பிழையில் மூழ்கிவிடும். பிறகு 1,750ஐயும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அணி கிடைத்தால் இது ஏறக்குறைய 230 கணக்குகளில் முடிந்துவிடும்.

அணியை ஏன் தருவதில்லை என்று முன்பு கேட்டதற்கு, அறிவுசார் சொத்து என்று பதில் எழுதினீர்கள். மூலநிரலை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தகட்டின், எங்கள் வலையமைப்பின் எண்களைத்தான் கேட்கிறோம். ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் ஏறுகிறது, படங்களின் நிறங்கள் மெருகேறுகின்றன. கணக்கு மெதுவாக ஓடுகிறது என்று முறையிட்டால், கூடுதல் செயலிகளுக்கு உரிமம் வாங்கச் சொல்கிறீர்கள். பணம் கொடுத்துப் பயன்படுத்துபவர்களை இப்படி நடத்துவது நியாயமில்லை.

கோபத்தில் சற்று விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: தொடுகோட்டு விறைப்பு அணியை எழுதும் கட்டளையை அடுத்த திருத்தப் பதிப்பிலேயே திரும்பத் தாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு எலிமெண்டின், அதாவது வலையமைப்பின் ஒவ்வொரு சிறு துண்டின், உள்விசையையும் தனியே தாருங்கள். சில எலிமெண்டுகளை மட்டும் எடையிட்டுக் கணக்கிடும் முறைகள் 2014 முதல் வெளிவந்துவிட்டன. அந்த எண்கள் இல்லாமல் அவற்றை எங்களால் தொடக்கூட முடியாது. தயவுசெய்து, அணியைத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளை நம்பி வேலை செய்யும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர்