ஜெர்மனியில் காம்ப்-லிண்ட்ஃபோர்ட்டில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஊர் வந்து சேர்ந்ததை அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் உன்னோடு சரியாகப் பேசவே முடியவில்லை. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் அம்மா போனைக் கையை விட்டுத் தருவதில்லை. அதனால்தான் மெயில். தம்பி அடித்துத் தருகிறேன் என்றான். வேண்டாமென்று நானே உட்கார்ந்து அடிக்கிறேன். அவன் இதைப் படிக்கவில்லை.

அம்மா தினமும் இரண்டு கேள்வி கேட்கிறாள். ஊர் எப்படி இருந்தது, பாப்பா எப்படி இருக்கிறாள். ஊரைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு, நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்று சொன்னேன். இளைத்ததையும் சொல்லியிருக்க வேண்டாம். அன்றையிலிருந்து முருங்கைக்கீரைப் பொடி, பருப்புப் பொடி, கம்பு மாவு என்று பார்சல் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அவ்வளவு தூரம் வந்த அப்பனோடு ஒரு முழு நாள் சுற்ற உனக்கு நேரம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். ராத்திரியில் ஆன்லைன் வேலை, லைப்ரரியில் உட்கார்ந்தால்தான் நெட் நன்றாக இருக்கும், அதனால் பகலில் தூங்க வேண்டியிருக்கிறது என்றாய். சரி. நீ தூங்கும்போது பாத்திரம் உருட்டக் கூடாதென்று காலையில் நான் கிளம்பிவிடுவேன். அந்த ஊரைப் பகலில் உன்னைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன் போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன், கேள்.

38,000 பேர் இருக்கும் ஊருக்குப் பயணிகள் ரயில் கிடையாது. பக்கத்து ஊர் மோர்ஸில் இறங்கி பஸ் பிடித்துத்தான் வர வேண்டியிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு நம் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் சத்தம் அங்கே பட்டப்பகலில்கூட இல்லை. முதல் இரண்டு நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. என் பெண் இப்படி ஆள் அரவம் இல்லாத இடத்தில் இருக்கிறாளே என்றுதான் தோன்றியது. அப்புறம் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அந்தப் பழைய குடியிருப்புக்குள் நடந்து பார்த்தேன். நம் நெய்வேலி பிளாக் வீடுகள் மாதிரியே வரிசை வரிசையாக வீடு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் தோட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அங்கேயே இருக்கிறார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொள்கிறார்கள். நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்துக்கு வந்த அன்று கொய்யா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்று அழுதாயே, அது ஞாபகம் வந்தது. மரம் இன்னும் இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்.

உன் காலேஜுக்குப் பக்கத்தில் நிற்கும் சுரங்கத்துக் கோபுரத்துக்கும் போனேன். ஃபிரீட்ரிஷ் ஹைன்ரிஷ் சுரங்கம். 1907இல் குழி வெட்ட ஆரம்பித்து 1912இல் கரி எடுக்கத் தொடங்கினார்களாம். 2012 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சரியாக நூறு வருஷம். மூடிய இடத்தை அப்படியே விடாமல், மண்ணைச் சரி செய்து, 2020இல் மாநிலத் தோட்டக் கண்காட்சியை அங்கேயே நடத்தியிருக்கிறார்கள். இப்போது பூங்கா. கரி வண்டிகள் போன இடத்தில் குழந்தைகள் சறுக்குமரத்தில் விளையாடுகின்றன. அங்கிருந்து ஓடைக் கரையோடு நடந்தால் காம்ப் மடாலயம் வருகிறது. 1123இல் ஏற்பட்ட மடம், படிப்படியாக இறங்கும் தோட்டம். நீ போட்டோ அனுப்பியிருந்தாய், அதைவிட நேரில் அழகு. நீ தூங்கி எழுந்ததும் ஒரு சாயந்திரமாவது அங்கே போய் நடந்துவிட்டு வா. வெளிச்சம் உடம்பில் பட வேண்டும். பகல் முழுக்கத் திரை போட்டுத் தூங்குகிறவர்களுக்கு எலும்பு வலிக்கும், மனசும் சோர்ந்துபோகும். இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை.

பயிற்சிக்காக வெட்டிய ஒரு சுரங்கப் பாதையை அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். அதில் ஒருவர் துருக்கிக்காரர். 1961இல் ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டதே, அதற்கப்புறம் அவருடைய அப்பா வந்தாராம். பின்னாலேயே இவரும் அதே சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார். போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பேசினோம். நெய்வேலி என்றேன், தெரியவில்லை. சக்கரத்தில் வாளி கோத்து மண் வெட்டும் பக்கெட் வீல் மெஷின் படத்தைக் காட்டினேன், முகம் மலர்ந்துவிட்டது. நம் முதல் சுரங்கத்துக்கு அந்த மெஷின்கள் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன என்று சொன்னேன். நாங்கள் திறந்தவெளியில் தோண்டுகிறவர்கள், அவர்கள் கூண்டில் இறங்கிப் பாதாளத்துக்குப் போனவர்கள். ஆனாலும் ஷிஃப்ட் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

என் மகள் இந்த ஊர்க் காலேஜில்தான் மாஸ்டர்ஸ் முடித்தாள் என்றேன். எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய பேத்தியும் அங்கேதான் படிக்கிறாளாம். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். ஐ.டி.ஐ.யோடு சரி. நீ பஸ் டிரைவரிடம் அவர்கள் பாஷையில் மடமடவென்று பேசியபோது நான் பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தாத்தா இருந்திருந்தால் முந்திரித் தோப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிருப்பார்.

அந்தத் துருக்கிக்காரரிடம் நான் கேட்ட முக்கியமான கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். என் வாழ்நாள் வேலை அது. நம் ஊரில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் எப்படி முட்டிக்கொண்டு நிற்கிறது என்று சின்ன வயதில் உனக்குத் தரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ராப்பகலாக பம்ப் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். தீபாவளி, பொங்கல், உன் காதுகுத்து எதுவானாலும் யாராவது ஒருவன் பம்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். உன் காதுகுத்துக்கு நான் இருந்தேன். தம்பியுடையதற்கு இல்லை, அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

சுரங்கத்தை மூடியாகிவிட்டது, பம்பையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். நூறு வருஷமாக அடியிலிருந்து கரியை எடுத்ததில் மேலே இருக்கிற நிலமே இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் உப்பும் வெட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் பல மீட்டர் இறக்கமாம். அதனால் ஓடைகள் தாமாக ரைன் நதிக்குப் போய்ச் சேர முடியாது. தண்ணீரைத் தூக்கிவிட வேண்டும். அதற்காகவே 1913இல் லீனெக் என்று ஓர் அமைப்பு ஏற்படுத்தி, அதன் தலைமை அலுவலகத்தையும் அதே ஊரில் வைத்திருக்கிறார்கள். பம்ப் நின்றால் வீடுகளும் வயல்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போய்விடும். இது போக, மூடிய சுரங்கங்களுக்குள் ஊறும் உப்புத் தண்ணீர் குடிநீர் இருக்கும் மட்டத்துக்கு ஏறிவிடாமல் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தச் செலவுக்கு முடிவே கிடையாது என்று தெரிந்துதான் 2007இல் ஒரு அறக்கட்டளை அமைத்து, பணத்தை முதலீடு செய்து வைத்திருக்கிறார்கள். கடைசிச் சுரங்கம் மூடிய பிறகு அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறார்கள். பாப்பா, நான் எவ்வளவோ பம்ப் பார்த்திருக்கிறேன், சுரங்கம் போன பிறகும் ஓடுகிற பம்பைக் கேள்விப்பட்டதே இல்லை. எப்பேர்ப்பட்ட பொறுப்பு! தோண்டினவன் போய்விட்டான், இருக்கிறவன் பேரன் பேத்தி காலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறான். நெய்வேலியில் இதை யாராவது இப்போதே யோசிக்க வேண்டும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ லைப்ரரிக்குப் போயிருந்தாய். விடியற்காலையில் யாரோ ஓசைப்படாமல் கதவைத் திறந்து வந்து, கொஞ்ச நேரம் சமையலறை இருட்டில் நின்று, ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் படுத்தார்கள். கூடத் தங்கியிருக்கும் அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். நான் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தேன்.

கதவுக்குப் பின்னால் இருந்த சேஃப்டி ஷூவும் அவளுடையதுதான் என்று சொல்லியிருந்தாய். அவளிடம் நான் சொன்னதாகச் சொல். ஷூ உள்ளே ஈரமாக இருந்தது. அப்படியே போட்டால் விரல் இடுக்கில் புண் வரும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், ஒட்டி வைத்தால் தோல் வெடித்துவிடும். அட்டைப் பெட்டி கிழித்த கைக்கு ராத்திரி வாசலைன் தடவச் சொல். நைட் முடித்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. கொஞ்சம் கஞ்சியாவது குடித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அசதியில் பசி தெரியாது, அதை நம்பக் கூடாது. ராத்திரி வேலைக்குக் கிளம்பும் முன்னாலும் சாப்பிட வேண்டும். பனியில் தலையில் குல்லா இல்லாமல் போகக் கூடாது. பார்சலில் காட்டன் சாக்ஸ் வைத்திருக்கிறேன், அவளுக்குத்தான். உன் அளவிலேயே வாங்கினேன். மறக்காமல் சொல், வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது.

படித்த பெண் இப்படி வேலை பார்க்கிறாளே என்று அவள் மனதுக்குள் வைத்து மறுகுகிறாளோ என்னவோ. அந்தத் துருக்கிக்காரர் இன்னொன்றும் சொன்னார். சுரங்கத்தை மூடியபோது யாரையும் தெருவில் விடவில்லையாம். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள், மற்றவர்களை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள். இவர் போட்ராப் ஊர்ச் சுரங்கத்துக்குப் போய், 2018 டிசம்பரில் அதையும் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்திருக்கிறார். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரியை ஜனாதிபதி ஸ்டைன்மயர் கையில் கொடுத்த அந்தச் சுரங்கம்தான். ஆனால் நீ இருக்கும் ஊரிலேயே சீமென்ஸ் செல்போன் செய்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. உன் சித்தப்பா வைத்திருந்த பழைய போன்கூட அங்கே செய்ததாக இருக்கலாம். 2005இல் தைவானின் பென்க்யூ கம்பெனிக்குக் கை மாறியது, அடுத்த வருஷமே திவால். அவர்களுக்குப் படிப்படியாக விலக அவகாசமே கிடைக்கவில்லை. அவர்களும் படித்தவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள்தான். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. வேலை கிடைக்காமல் இருப்பதும் அப்படித்தான். இதை எவ்வளவு முறை வேண்டுமானாலும் சொல்வேன். அந்தப் பெண்ணிடம் சொல், நீயும் கேட்டுக்கொள்.

படித்து முடித்தவர்களுக்கு அங்கே வேலை தேட 18 மாதம் அனுமதி தருவார்கள் என்று தம்பி பார்த்துச் சொன்னான். அவளுக்கு அது எப்போது முடிகிறது? முடிந்தால் எழுது. வேறு ஒன்றும் இல்லை, தெரிந்தால் இங்கிருந்து நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்யலாம். அவளுக்கும் அப்பா அம்மா இருப்பார்கள் இல்லையா, அவர்களுக்கும் தெரிந்துகொள்ளத் தோன்றும். கோபப்பட மாட்டார்கள். அவளுடைய அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாதா.

நான் அங்கே பார்த்த எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்வதானால் நீயே சொல், உனக்குத் தோன்றும்போது. சொல்லாமலே இரண்டு மாதம் போனாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

லோன் விஷயம். பேங்குக்குப் போய் மேனேஜரைப் பார்த்துவிட்டேன். ரிட்டையர் ஆனபோது போட்ட டெபாசிட்டின் வட்டியிலிருந்து இந்த வருஷத் தவணையைப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்தாயிற்று. வீடு கட்ட மிச்சமிருந்தது மாடிப் படி ஒன்றுதான், அது இருந்துகொண்டு போகட்டும், யார் ஏறப் போகிறார்கள். அதனால் நீ மாதா மாதம் அனுப்பும் பணத்தை அடுத்த மாதத்திலிருந்து அனுப்ப வேண்டாம். அதில் நல்ல அரிசி வாங்கு. ஒரு நாள் ராத்திரி லைப்ரரிக்குப் போகாமல் தூங்கு.

தை மாதம் அத்தை வீட்டுக் கல்யாணம். எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள், பாப்பா வருகிறாளா, என்ன சம்பளம், எந்தக் கம்பெனி என்று. வர முடிந்தால் வா, டிக்கெட் நான் போடுகிறேன். முடியாவிட்டால் வேண்டாம். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா