எம்டன் பேரப்பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 22 வந்தால், 1914-இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசிய கதையும் அதன் தளபதி கார்ல் ஃபொன் முல்லரின் பெருந்தன்மையும் நாளிதழ்களில் வருகின்றன. அந்தப் பெருந்தன்மை உண்மையானது. வங்கக்கடலில் பிடித்த சரக்குக் கப்பல்களின் ஆட்களை அவர் ‘கபிங்கா’ கப்பலில் ஏற்றி விடுவித்தார். அக்டோபர் 28 அன்று பினாங்கு அருகே ‘மூஸ்கே’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்த பிறகு படகுகளை இறக்கி 36 பேரைக் காப்பாற்றினார். எதிர்த்தரப்பிலும் அது நடந்தது. நவம்பரில் எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ கொழும்புக்கு வந்தபோது, காயம்பட்ட ஜெர்மானியர் உள்ளே இருப்பதால் யாரும் ஆரவாரம் செய்யக் கூடாது என்று தளபதி கிளாசப் கேட்டுக்கொண்டார். வெற்றிக் கப்பல் ஓசையில்லாமல் துறைமுகத்துக்குள் வந்தது.

ஆனால் இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் கப்பல் தலைவர்களும். பிடிபட்ட கப்பல்களில் உழைத்த இந்திய லஸ்கர் மாலுமிகளும், சென்னையில் குண்டுக்குப் பலியானவர்களின் குடும்பங்களும் அந்தப் பதிவில் குரலாக இல்லை. நேரில் பார்த்தவர் எவரும் இன்று இல்லை. அவர்கள் வாயால் கேட்ட பேரன், பேத்திகளுக்கே எழுபது, எண்பது வயது. எனவே கேட்க வேண்டியதை இப்போதே, முறையாகக் கேட்க வேண்டும்.

வழித்தோன்றல் அந்தச் சம்பவத்துக்குச் சாட்சி அல்ல. வீட்டில் அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதற்குத்தான் சாட்சி. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் மூன்று துணைக்கேள்விகள் வேண்டும்: யார் சொன்னார், அப்போது உங்களுக்கு என்ன வயது, பிறகு இதை எங்காவது படித்தீர்களா, பார்த்தீர்களா? மூன்றாவதை விட்டால் சினிமாவும் வாரப் பத்திரிகையும் தாத்தாவின் குரலில் பேசத் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து இந்திய விடுதலைக்குப் போராடிய செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று தென்மாவட்டங்களில் இன்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். சொல்பவரை மறுக்க வேண்டாம். அவர் சொன்னபடியே பதிந்துவிட்டு, ஆவணம் சொல்வதைத் தனிக் குறிப்பாக இணைக்க வேண்டும்.

சென்னைக் குடும்பங்களில் இன்னொரு குழப்பம் வரும். நகரைவிட்டு ஓடிய நினைவு இரண்டு: 1914 ஒன்று, ஜப்பானியருக்குப் பயந்த 1942 மற்றொன்று. “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் தவறும். “பாட்டிக்கு அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா? விளக்கை மறைத்தார்களா? சங்கு ஊதியதா?” என்று கேளுங்கள். விளக்கு மறைப்பும் அபாயச் சங்கும் இரண்டாம் போரின் அடையாளங்கள்.

இரு தரப்பு வழித்தோன்றல்களையும் முதலில் ஒன்றாக உட்காரவைப்பது பெரும் பிழை. விருந்தாளி முன்னால் யாரும் கசப்பைச் சொல்ல மாட்டார்கள். நவம்பர் 9 மாலை, எம்டன் கரைதட்டிக் கிடந்தும் சரணடைந்ததற்கு அடையாளமாகக் கொடி இறங்கவில்லை என்பதால் சிட்னி மறுபடி சுட்டது. காயம்பட்டவர்களுக்கு மறுநாள்தான் உதவி கிடைத்தது. இதை ஜெர்மன் குடும்பம் ஒருவிதமாகவும் ஆஸ்திரேலியக் குடும்பம் வேறுவிதமாகவும் சொல்ல இடம் உண்டு. தனித்தனியாகப் பதிந்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் முடித்த பிறகே சந்திப்பை வைக்க வேண்டும். கருணையை மட்டும் தேடிப் போனால் கருணை மட்டுமே கிடைக்கும். “அவர்கள் உங்களைக் காப்பாற்றினார்களாமே” என்று தொடங்கும் கேள்வியே பதிலைக் கெடுத்துவிடுகிறது. “அந்தக் கப்பலைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள்?” என்பது போதும்.

ஆட்களைத் தேட வழிகள் உண்டு. எம்டனில் பணியாற்றியவர்கள் கப்பலின் பெயரைத் தங்கள் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி இருந்தது. இன்றும் அது ஒரு தடயம். எம்டனிலிருந்து மீட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் சுமார் 1000, பதக்கமாக்கப்பட்டன. சிட்னி மாலுமிகளின் வீடுகளில் அதைப் பற்றிக் கேட்கலாம். லஸ்கர்கள்தான் கடினம். கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களில் கிழக்கு வங்காளத்தவர் அதிகம் என்பதால், சில்ஹெட், சிட்டகாங் பேச்சு தெரிந்தவர் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊரில் அதன் இரைச்சல்தான் பல பதிவுகளைக் கெடுக்கிறது. சட்டையில் குத்தும் மைக் ஆளுக்கொன்று வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பாக இரண்டு மைக்கையும் பதிந்தால் மணிக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். வாட்ஸ்அப் வழியாக அனுப்பியதை மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஒலி சுருங்கிவிடும். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முதியவரை உட்காரவைக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும் என்று முன்பே கணக்கிடுங்கள். வட்டாரச் சொற்களைத் திருத்தி எழுதாதீர்கள். கடிதம், புகைப்படம் இருந்தால் அவர்கள் வீட்டிலேயே முன்புறமும் பின்புறமும் படமெடுக்க வேண்டும். மூலத்தை வாங்கிப் போகவே கூடாது. ஒப்புதல் படிவத்தில், பெயரை மறைக்கவும் சில பகுதிகளைக் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடிவைக்கவும் தனித்தனி இடம் இருக்கட்டும். கையெழுத்தைப் பேச்சு முடிந்த பிறகு வாங்குவதே நியாயம், அப்போதுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த செப்டம்பர் கட்டுரையுடன் தங்கள் நாளிதழ் ஓர் அறிவிப்பும் வெளியிட வேண்டுகிறோம். துறைமுகத்திலும், குண்டு பட்ட ‘சுப்ரா’ கப்பலிலும், எரிந்த எண்ணெய்த் தொட்டிகள் பக்கத்திலும் 1914-இல் வேலை பார்த்தவர்களின் வாரிசுகள் எழுதட்டும். முன்னோர் பெயர், வேலை, குடியிருந்த தெரு, கதையைச் சொன்னவர் யார் என்ற நான்கு விவரம் முதலில் போதும். முகவரிகளை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாய்மொழி வரலாற்றுப் பதிவில் ஈடுபட்டிருப்போர்,
சென்னை.