வறுத்த கோழியும் வறுத்த மசாலாவும்

ஆசிரியருக்கு,

கென்டக்கி வறுத்த கோழிக் (கே.எஃப்.சி.) கடைகள் பெருகியது விளம்பரத்தால் என்கிறார்கள். அடுப்பை யாரும் பார்ப்பதில்லை. 1930இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கார்பின் ஊரில் பெட்ரோல் பங்க்கில் சாப்பாடு போடத் தொடங்கிய அதன் நிறுவனர் சாண்டர்ஸுக்கு, இரும்புச் சட்டியில் கோழி வேக அரை மணி நேரம் ஆனது. 1939 வாக்கில் பிரஷர் குக்கரை எண்ணெய் வறுவலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். நேரம் வெகுவாகக் குறைந்தது. (வீட்டுக் குக்கரில் முயலாதீர்கள், கேஸ்கெட் இளகி எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.) 1952இல் சால்ட் லேக் சிட்டியில் முதல் கிளை உரிமை, 1964இல் அவர் விற்றபோது 600க்கும் மேற்பட்ட கடைகள். கிளைகளுக்குப் போனது கலந்து வைத்த மசாலா, அதன் சேர்மானக் குறிப்பு அல்ல.

செட்டிநாட்டு மெஸ்கள் கிளை திறந்ததும் இடறுவது இங்கேதான். கிளைக்குக் கிளை மசாலா வறுத்தால் ருசி மாறும். கல்பாசி கருகினால் குழம்பே கசக்கும். அதைத் தீயை அணைத்தபின் சட்டிச் சூட்டில் புரட்டினால் போதும். வறுத்த மசாலாவைச் சூடு ஆறுமுன் அரைத்தால் வேர்த்துக் கட்டிபிடிக்கும். ஒரே இடத்தில் வறுத்து அரைத்து, ஒரு பானைக்கு ஒரு பொட்டலமாக எடைபோட்டு, பதினைந்து நாளில் தீருமளவே அனுப்பலாம். தேங்காயும் சின்ன வெங்காயமும் மட்டும் அந்தந்தக் கிளை அம்மியிலோ கிரைண்டரிலோ.

சமையல் தொழிலாளர்கள்,
காரைக்குடி