வலி அடங்கினால் போதாது, மீனாட்சி

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பதவி உயர்வு வந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் வாழ்த்தை அவளிடம் சொல். நான் மருத்துவமனை மருந்தகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், உடல்நலத்துக்குக் குறைவில்லை. ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், மேல்வயிற்றில் மாதக்கணக்காக வலி இருப்பதையும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டால் அது அடங்கி, நிறுத்தினால் திரும்பி வருவதையும் போகிற போக்கில் இரண்டே வரியில் எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

இரைப்பையில் அமிலம் சுரப்பது நோயன்று. உணவிலுள்ள புரதத்தைச் செரிக்கவும், உணவோடு உள்ளே போகும் கிருமிகளை அழிக்கவும் அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவைப்படுகிறது. அது இரைப்பையின் சுவரையே அரித்துவிடாமல், உட்பரப்பின் மீது படர்ந்திருக்கும் சளிப்படலமும் அதனோடு சுரந்து அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் காக்கின்றன. இரைப்பைப் புண் உள்ள பலருக்கு அமிலச் சுரப்பு இயல்பான அளவிலேயே இருப்பதுண்டு. அவர்களிடம் குலைந்திருப்பது இந்தக் காப்புத்தான். ஆகவே அமிலத்தை அடக்குவதோடு நின்றுவிடாமல், காப்பைக் குலைத்தது எது என்று தேட வேண்டும் என்பதே நான் உன்னிடம் வற்புறுத்த விரும்புவது.

பெரும்பாலான புண்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. கவலையும் காரமான உணவுமே அல்சருக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்த நிலையில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அப்போதும் பலர் ஏற்காததால், 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார்; சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின, பரிசோதனையில் இரைப்பை அழற்சி உறுதியானது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டும் தணித்துக்கொண்டு பல ஆண்டுகள் அங்கேயே வாழும் திறமையுள்ளது. மூச்சுப் பரிசோதனையும் இந்த யூரியாச் சிதைவை வைத்தே அதைக் கண்டுபிடிக்கிறது.

மற்றொரு காரணம்தான் உன்னைக் குறித்து எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. முழங்கால் வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவதாக முன்பே எழுதியிருந்தாய். டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் உடலில் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இரைப்பையின் சளிப்படலத்தைப் பேணுவதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். பாதிப்பு இரத்தத்தின் வழியாகவும் வருவதால், உணவுக்குப் பின் விழுங்கினாலும், ஊசியாகவே போட்டுக்கொண்டாலும் ஆபத்து முழுவதுமாக நீங்குவதில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றைக் கேட்டு வருபவர்களிடம் வயிற்றில் வலி உண்டா என்று கேட்பது பணிக்காலம் முழுவதும் என் வழக்கமாக இருந்தது; இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இதயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரின் ஏதேனும் நீ எடுத்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதே.

வலி எப்போது வருகிறது என்பதைக் கவனித்துக் குறித்து வை. வெறும் வயிற்றிலும் நள்ளிரவிலும் வந்து, ஏதாவது சாப்பிட்டதும் தணிந்தால் முன்சிறுகுடல் புண்ணை நினைக்கலாம். சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே கூடினால் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். படுத்ததும் நெஞ்செரிச்சலும் புளித்த எதுக்களிப்பும் வந்தால், உணவுக்குழாயின் அடிவாயில் சரியாக மூடவில்லை என்று பொருள். கொழுப்பான உணவுக்குப் பின் வலப்புற விலாவின் கீழ் தொடங்கித் தோள்வரை பரவும் வலி பித்தப்பையிலிருந்து வரக்கூடும். இவையெல்லாம் ஊகங்களே, ஒன்றின் அடையாளம் மற்றொன்றிலும் வரும். வாய் வழியே குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியில் எதுவும் தென்படாமலேயே வலிப்பவர்களும் நிறைய உண்டு. அவர்களுடைய வலியும் உண்மையானது, அதற்கும் சிகிச்சை உண்டு.

தார்போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, திடீரென்று தாங்க முடியாமல் எழும் வயிற்றுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வரும் மேல்வயிற்று வலியை அமிலம் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாதே, அது இதயத்தின் வலியாக இருக்கலாம். காரணமின்றி எடை குறைந்தாலோ, விழுங்கும்போது தடைபட்டாலோ, இரத்தசோகை இருந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், நம்மைப் போல 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் மேல்வயிற்றுத் தொல்லைக்கு எண்டோஸ்கோபி செய்து பார்ப்பதே நல்லது. புற்றுநோயின் தொடக்க வலியும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளுக்குச் சில காலம் அடங்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்திவிடும்.

அமிலத்தைக் குறைக்க நீ போடும் ஓமெப்ரசோல் வகை மாத்திரையை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையும். நீண்ட நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் சில வாரங்கள் முன்னைவிட அதிகமாகச் சுரப்பதுண்டு, உன் வலி திரும்புவதில் அதன் பங்கும் இருக்கலாம். மூச்சுப் பரிசோதனைக்கு முன் இதை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக் எதையும் நான்கு வாரமும் எடுத்திருக்கக் கூடாது, இல்லையெனில் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். கிருமி உறுதியானால் பெரும்பாலும் 14 நாட்களுக்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவார்கள். வாய்க் கசப்பைப் பொறுத்துக்கொண்டு முழுவதையும் முடித்துவிடு, நான்கு வாரங்களாவது கழித்து மறுபரிசோதனையும் செய்துகொள்.

முழங்காலுக்குப் போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பார். அவர் சொன்னதையும், கிருமிப் பரிசோதனையை எந்த முறையில் செய்தார்கள் என்பதையும் விவரமாக எழுது.

அன்புடன்,
கமலா