வன்னியின் உயர்தரத் தமிழ், அளவையியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

கலைப்பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் எழுதுகிறேன். மகள் தமிழையும், தர்க்கம் கற்பிக்கும் அளவையியலையும் சேர்த்து எடுத்திருக்கிறாள். அவளுடைய தமிழ்க் கொப்பியில் சிலப்பதிகாரம் சொல்லும் மூன்று உண்மைகள் இலக்கமிட்டுக் கிடக்கின்றன. மூன்றாவது, ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். அளவையியல் கொப்பியில் சோக்கிரதீஸ் மனிதர், ஆகவே இறப்பவர். காப்பியத்திலிருந்து தத்துவத்தை ஒரு வரியாகப் பிழிந்தெடுத்து மனனம் செய்யக் கொடுத்தால், பிள்ளைக்குக் காப்பியமும் இல்லை, தத்துவமும் இல்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இருவருமாக ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். இது பேரெடுகூற்று, அதாவது வாதம் தொடங்கும் பொதுக் கூற்று. கண்ணகி இதை மறுக்கவே இல்லை. கோவலன் கள்வன் என்று ஒருவனைக் குறித்துச் சொல்லும் சிற்றெடுகூற்றைத்தான் பிடிக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கிறாள். தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. எந்தப் பரல் தெறித்தால் யார் தோற்பார் என்பது உடைக்க முன்னரே இருவருக்கும் தெரியும்! பொய்ப்பிக்கக்கூடியதாக, அதாவது பிழையென்றால் பிழையென்று காட்ட வழியுள்ளதாக, ஒரு கூற்று இருக்க வேண்டும் என்று தத்துவவாதி கார்ல் பொப்பர் 1934இல் எழுதியதை விளக்க, இதைவிடத் தெளிவான காட்சி தமிழில் எனக்குத் தெரியாது.

இது நடப்பது 20ஆம் காதையில். ஊழின் விளக்கம் வருவதோ 23ஆம் காதையில். மதுரை எரிந்த பின் மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறவியில் சங்கமன் கொலையுண்டதையும் அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறது. அதற்குள் அரசன் 'யானே கள்வன்' என்று சொல்லி விழுந்துவிட்டான். எல்லாம் ஊழ் என்றால் அவன் ஏன் குற்றவாளி? அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்ற முதல் உண்மை மூன்றாவதோடு மோதுகிறதா, இல்லையா? இளங்கோ ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை. இரண்டையும் காதைகளின் வரிசையிலே நிறுத்தி, தீர்ப்பைக் கேட்பவரிடம் விட்டார். இதைச் செய்ய அவருக்குக் கதை தேவைப்பட்டது.

வன்னிப் பிள்ளைகளுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்க முடியாது. போர் முடிந்த 2009க்குப் பிறகு 'விதி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய் உப்புநீரில் எரியும் விளக்கைக் கும்பிட்டு வருகிறார்கள். அந்த அம்மன் அரசசபையில் சான்று காட்டி வழக்காடியவள் என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி போராட்டத்தைத் தொடங்கிய அம்மாக்களும் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதற்குச் சான்றுதான் கேட்டார்கள். விதி என்று ஆறுதல் சொல்லி அவர்களை எழுப்ப முடியவில்லை.

தவணைக்கு இரண்டு பாடவேளையாவது தமிழ் வகுப்பையும் அளவையியல் வகுப்பையும் ஒன்றாக இருத்துங்கள். பாண்டியன் குற்றவாளியா என்று கேட்டுவிட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதாமல் விடுங்கள். அடுத்து மணிமேகலையின் 29ஆம் காதையை எடுக்கலாம். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களைபோல் என்று அறவண அடிகள் அங்கே அனுமானம் கற்பிக்கிறார். போலி நியாயங்களும் அங்கேயே உண்டு. புள்ளிக்கு உதவாது என்று தள்ள வேண்டாம். எடுகூற்றுகளிலிருந்து முடிவைப் பெறும் நியாயத்தொடையை எழுதும் கைக்கு இது நல்ல பயிற்சி. பிரதி எடுக்கும் செலவைப் பெற்றோர் நாங்கள் ஏற்கிறோம்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்