சேற்றுச் செருப்புகளுக்குச் சோடி சேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்புக்குரிய முன்பள்ளி ஆசிரியைகளுக்கு,

வணக்கம்.

ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டங்களில் முன்பள்ளி நடத்திவரும் உங்களுள் ஐவரிடம், ஓய்வுக்கு முன்னரான விடுமுறையில் நான் வாரக்கணக்கில் வந்து, பிள்ளைகளின் பாயில் ஓரமாக இடம்பிடித்து அமர்ந்திருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று ஐவருமே கேட்டுக்கொண்டீர்கள். போட்டால் அடுத்த தோட்டத்து டீச்சர் மனம் வருந்துவார் என்று ஒருவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஆகையால் பெயர்களையும் தோட்டங்களையும் விட்டுவிட்டு, ஊரார் எல்லோரும் வாசிக்கும் இடத்தில் இந்நன்றியை எழுதுகின்றேன்.

நன்றி சொல்வதற்கு முன்னர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இருபத்தேழு ஆண்டுகள் தரம் 1 பிள்ளைகளுக்குக் கற்பித்தவள் நான். புதிய பிள்ளைகள் வந்து சேரும் ஒவ்வோர் ஆண்டும், "நேர்சரியில் இரண்டு வருடம் என்னதான் செய்தார்களோ" என்று ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வது எனக்கு வழக்கம். 1999 இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்றையும் தரம் 1 இற்கு விதித்திருந்தது. நானோ மூன்றாவதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, முதலிரண்டையும் மேற்பார்வைக்கு ஆள் வரும் நாட்களுக்கென ஒதுக்கி வைத்திருந்தேன். ஒருமுறை, பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையொன்றின் தாயிடம், "இனி அனுப்பும் பிள்ளைகளுக்கு உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதப் பழக்கி அனுப்பவும்" என்று ஒரு துண்டு எழுதி, முன்பள்ளி ஆசிரியையிடம் கொடுக்கும்படி கொடுத்துவிட்டேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயின்றவள் என்ற மிதப்பு அந்த எழுத்தில் இருந்தது.

அந்தத் துண்டு உங்களுள் மூத்தவரிடம் இன்னமும் இருக்கின்றது. நான் அங்கே போன மூன்றாம் நாள், வரவுப் பதிவேட்டின் மட்டையிலிருந்து அதை எடுத்து என் முன்னே வைத்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு அப்ப விரல் பழகியிருக்கல்ல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

விரல் பழகுவதென்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் மலையில் கொழுந்து பறித்தவர் அவர். இடுப்பு வலி தாங்காமல் தோட்டத்தில் பதிந்திருந்த பேரை விட்டுவிட்டு, தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் உதவிக்கு நின்று, பின்னர் சான்றிதழ்ப் பயிற்சி முடித்து முன்பள்ளி ஆசிரியை ஆனவர். (பலகையில்தான் சிறுவர் அபிவிருத்தி நிலையம், வாயில் அது என்றைக்கும் பிள்ளைக்காம்பராதான்.) மலைக்குப் புதிதாக வருகிறவளின் கையில் முதல் வாரம் முற்றிய இலைதான் அதிகம் வரும் என்றும், இரண்டு இலையும் ஒரு அரும்பும் தாமாகவே விரலுக்குள் வந்து நிற்பதற்கு ஒரு பருவமாவது ஆகும் என்றும், கங்காணி நின்று ஏசினால் விரல் இன்னும் விறைத்துப்போகும் என்றும் அவர் விளக்கினார். பென்சிலைப் பற்றி நான் படித்த பாடங்கள் எல்லாம் அந்த ஒரு விளக்கத்துக்குள் அடங்கிவிட்டன. அவருடைய பிள்ளைகள் பட்டாணிக் கோது உரிக்கின்றார்கள், மாவு பிசைகின்றார்கள், ஈர மண்ணில் விரலால் இழுக்கின்றார்கள். எழுத்து அதற்குப் பிறகு வருகின்றது.

செருப்புக் கதையும் அவருடையதுதான். மழைக்காலத்தில் மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளின் செருப்புகள் வாசலில் சேறும் சகதியுமாய்ச் சிதறிக் கிடக்கும். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய தாய் கையை விடுவித்துக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஓடியதும் வாசலிலேயே அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையை அவர் தூக்கவும் மாட்டார், உள்ளே இழுக்கவும் மாட்டார். "யாரோ ஒரு ஆளுக்கு ஒத்தச் செருப்புதான் இருக்கு, பாருங்க" என்று கவலையோடு சொல்வார். விம்மிக்கொண்டே அந்தப் பிள்ளை சோடி தேடத் தொடங்கும். சிவப்போடு சிவப்பு, சின்னதோடு சின்னது, இடதுக்கு வலது. நான் பார்த்த அன்று நாலு வயது மகன் ஒருவன் பதினாறு சோடிகளையும் வரிசையாக வைத்து முடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரு ஆளு இன்னும் வரல்ல டீச்சர்" என்றான். வழக்கமாக வருகிறவர்கள் பதினேழு பேர். அழுகை எந்த இடத்தில் நின்றது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல், நிறத்தாலும் அளவாலும் வகைப்படுத்துதல் என்று இதனை நான் பாடக்குறிப்பில் எழுதியதுண்டு. அதற்கென்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொருட்கள் என் வகுப்பு அலுமாரியில் உறை பிரிக்கப்படாமலே கிடந்தன.

கொழும்பிலிருந்து திரும்பி வந்தவருக்கு அடுத்து நன்றி சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அந்த வீட்டுப் பிள்ளையை நாள்தோறும் மொண்டிசோரி முன்பள்ளிக்குக் கூட்டிச் சென்று, வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பையோடு நின்றிருக்கின்றார். "அந்த ஜன்னல்தான் டீச்சர் நான் படிச்ச பள்ளிக்கூடம்" என்றார். பத்தொன்பதாம் வயதில் ஊர் திரும்பி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதி, பிறகு திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழையும் பெற்றிருக்கின்றார். அவருடைய வகுப்பில் இரண்டு சிறிய சாடிகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள். சிந்தும். சிந்திய பிள்ளையிடம் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணி ஆணியில் தொங்குகின்றது. அதன் காரணத்தைக் கேட்டபோது, "சிந்தினதுக்கு அடி வாங்கின கை இது" என்று புறங்கையைக் காட்டினார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்த ஜன்னலுக்கு அப்பால் நடந்தது மரியா மொண்டிசோரி அம்மையாரின் முறை. மருத்துவம் படித்த அந்த அம்மையார், 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய முதற் பள்ளி, ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. தாய் தகப்பன் வேலைக்குப் போன பின் படிகளிலும் சுவர்களிலும் குழப்படி செய்துகொண்டிருந்த பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் தேவையாக இருந்தது. தாய்மார் தடையின்றி மலைக்குப் போக வேண்டும் என்பதற்காக எழுந்த எங்கள் பிள்ளைக்காம்பராவின் பிறப்பும் ஏறத்தாழ அதேதான். அம்மையார் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரினால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, 1944 இல் இலங்கைக்கும் வந்திருக்கின்றார். லயத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற முறையாகப் பிறந்த ஒன்று கொழும்பில் வசதியானவர்களின் கல்வியாக மாறி, ஒரு வேலைக்காரச் சிறுமியின் கண் வழியாகத் திரும்பவும் லயத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைக்கையில், அதைச் சுமந்து வந்தவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். ஜேர்மனியில் 1837 இல் முன்பள்ளி ஒன்றைத் தொடங்கி, 1840 இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிய புரோபல், முன்னர் காட்டிலாகா வேலை பழகியவர். படிகக் கற்களின் வடிவங்களை ஆராய்ந்தவர். அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்த மரக்கட்டைகள் அந்தக் கற்களின் ஒழுங்கிலிருந்து வந்தவை என்று கலாசாலையில் படித்தபோது வியந்தேன். பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவரின் விரலிலிருந்தும் ஒரு முறை பிறக்கக்கூடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஊரில் தோட்டம் என்ற சொல்லுக்கு உள்ள பொருளைப் புரோபல் அறிந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பாரோ என்னவோ.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவரின் முன்பள்ளியில் மணி கிடையாது. மணி அடித்தால் எழும்பி, மணி அடித்தால் சாப்பிட்டு, மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று தைத்தது போதும் என்கின்றார். படம் வரைந்து முடிக்காத பிள்ளை மறுநாளும் அதையே வரையலாம். தரம் 1 இற்கு வந்ததும் மணிக்குத்தானே பழக வேண்டும் என்று நான் வாதாடினேன். "அதுக்கு நீங்க இருக்கீங்களே டீச்சர்" என்றார்.

உங்களுள் எல்லோருக்கும் வயதில் மூத்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. ஐம்பது பிள்ளைகளின் பேச்சு அவர் மடியில்தான் முளைத்தது. ஒருநாள் அவர் போட்ட விடுகதை இது: "பச்சையாப் போவும், கறுப்பா வரும், செவப்பா எறங்கும். அது என்னா?" பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "தேத்தண்ணி!" என்று கத்தினார்கள். நானாக இருந்தால் தேநீர் என்று திருத்தியிருப்பேன். அப்படித் திருத்தித் திருத்தியே, முதல் தவணை முழுதும் வாயைத் திறவாத பிள்ளைகள் சிலரை நான் உருவாக்கியிருக்கின்றேன் என்பது அந்தக் கூச்சலின் நடுவில்தான் உறைத்தது. தேநீர் என்ற சொல் பின்னால் தானாக வரும். வாய் ஒருமுறை மூடிக்கொண்டால் திறப்பது கடினம்.

உங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உயர்தரம் முடித்துத் தேசிய தொழிற்தகைமைப் பயிற்சியும் பெற்ற இளையவர், வகுப்பின் மூலையில் ஒரு சின்னக் கொழுந்துக் கூடை வைத்திருக்கின்றார். கொழுந்து பறித்த மூத்தவர் அதைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டார். அந்தக் கூடையைப் பிள்ளையின் முதுகில் ஏற்றாமல் இருப்பதற்குத்தானே முன்பள்ளி என்பது அவருடைய கட்சி. "அம்மா செய்யும் வேலையை விளையாடக் கூடாதென்றால், அம்மா செய்வது கேவலமென்று பிள்ளைக்குத் தோன்றாதா" என்பது இளையவருடைய கட்சி. அந்த மூலையில் நான் கண்டதை எழுதுகின்றேன். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக நின்ற பையன் கூடையைத் தூக்கிப் பார்த்து, "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு" என்றான். இடுப்பில் கையை வைத்து நின்ற சிறுமி, "நான் ஒதறித்தான் கொண்டாந்தேன், திரும்ப நிறுங்க" என்றாள். அவன் திரும்ப நிறுத்தான். இளையவர் சொல்வதே சரியென்று எனக்குப் படுகின்றது. ஆனாலும் மூத்தவர் குனிந்து நிமிரும்போது படும் பாட்டைப் பார்த்தவள் என்பதால், அவரிடம் இதை நேரில் சொல்லவில்லை.

முன்பள்ளி மாகாண சபைகளின் பொறுப்பில் உள்ள விடயம். உங்களுள் ஒருவரும் எங்களைப் போல் அரச ஆசிரியர் அல்லர். பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தில் பாதி வராத மாதங்களிலும் கதவைத் திறந்து வைத்தீர்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு, லயம் லயமாக நடந்து, வாசல் இஸ்தோப்பில் நின்று பிள்ளைகளுக்குக் கதை சொன்னீர்கள். நான் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பயிற்சித் தாள் அனுப்பினேன். அந்த லயங்கள் சிலவற்றில் சிக்னலே கிடையாது என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

என்னை ஏற்றி இறக்கிய முச்சக்கர வண்டித் தம்பிக்கும், திரிபோஷச் சத்துமாப் பொதிகளோடு வரும் வழியில் எனக்குக் குடை பிடித்த மருத்துவமாதுவுக்கும், அந்நிய ஆளொருத்தி வகுப்பில் உட்காருவதற்கு இசைந்த பெற்றோருக்கும் என் நன்றி.

ஓய்வுக்குப் பின் செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலையில்லை. வரவுப் பதிவேடு, கணக்கு, சான்றிதழ்ப் பயிற்சிக்கான ஒப்படை எழுதுதல் முதலியவற்றில் உதவி தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லியனுப்புங்கள். மூத்தவர் ஏற்கெனவே ஒரு வேலை தந்திருக்கின்றார்: வரும் செவ்வாய்க்கிழமை செருப்பு வரிசையை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மழையென்றால் ஏழு மணிக்கே வந்துவிடுகின்றேன்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தரம் 1 ஆசிரியை,
ஹட்டன்.