அலமாரியில் இருக்கும் பைப்

டப்ளின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். கிளேர் மாவட்டத்துப் பைப்பர் தாத்தா சொல்லிக்கொடுத்த அந்த ஜிக், அந்த ஆட்ட மெட்டு, அதன் நோட்டேஷன் வேண்டும், நண்பன் கல்யாணத்தில் டின் விசில் குழலில் வாசிக்கப் போகிறேன் என்று சொன்னாய். டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு அந்த மெட்டு உனக்கு ஞாபகம் வருகிறதே என்று மனசு நிறைந்துவிட்டது. ஆனால் கடைசியில் தாத்தா தந்த அந்த ஐரிஷ் வாத்தியத்தை, இல்லன் பைப்பைப் பற்றி ஒன்று சொன்னாய்: "பைப் அலமாரியில பத்திரமா இருக்கும்மா, தொடவே இல்ல, அப்படியே புதுசு மாதிரி இருக்கு." அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் சொன்னால் நீ பதில் பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த பைப் உன்னுடையது இல்லை. என்னுடையதும் இல்லை.

இதில் தப்பு என் பேரில்தான். உன் பதினாறாவது பிறந்தநாளன்று அதை உன் மடியில் வைத்து, "இனி இது உனக்கு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தாத்தா என்னிடம் கொடுத்தபோது அப்படிச் சொல்லவில்லை. "உனக்கென்று ஒன்று வரும்வரை இது உன்னிடம் இருக்கட்டும், பிறகு அடுத்த ஆளுக்குக் கொடு" என்றார். அவருக்கும் அதை ஒருவர் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். எனக்கு முன்னால் நான்கு பேர் அதில் கற்றிருக்கிறார்கள் என்று அவர் எண்ணிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் ஐந்தாவது, நீ ஆறாவது.

நீ சின்னப் பையனாக இருந்ததால் பல விஷயம் தெரிந்திருக்காது. நான் இந்த ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் அது. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். முழங்கையால் துருத்தி அமுக்கி வாசிப்பது என்பதே எனக்கு அங்கேதான் தெரியும். ஐரிஷ் மொழியில் முழங்கை என்ற சொல்லிலிருந்துதான் இல்லன் பைப் என்ற பெயரே வந்ததாம். வாயால் ஊத வேண்டாம். வலது முழங்கைக்கடியில் துருத்தி, இடது முழங்கைக்கடியில் பை, விரல்களுக்கடியில் சான்டர் என்கிற துளையிட்ட குழல். ஸ்காட்லாந்து பேக்பைப்பின் சான்டரில் ஒன்பது சுரம்தான். இதில் இரண்டு ஸ்தாயி வரும். சான்டரின் அடிவாயைத் தொடைமேல் வைத்து எல்லாத் துளையையும் மூடினால் சத்தம் நின்றுவிடும். இந்த நிற்றல்தான் என்னை இழுத்தது. நின்று நின்று பேசுகிற வாத்தியம் அது.

அன்றைக்கே ஒன்று வாங்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். பை, துருத்தி, சான்டர் மட்டும் உள்ள பயிற்சிச் செட்டே ஆயிரம் யூரோவைத் தாண்டியது. பணம் இருந்தாலும் கையில் வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல கைவினைஞர்கள் சிலர்தான், அவர்கள் வீட்டு வாசலில் வரிசை. வாத்தியம் வருவதற்குள் ஆசை வற்றிப்போகும். தாத்தா ஒன்றும் பேசாமல் அடுத்த வாரம் ஒரு பழுப்பு நிறப் பெட்டியோடு வந்தார். யார், என்ன, எங்கிருந்து வந்தவள் என்று எதுவும் கேட்கவில்லை. துருத்தி வார் என் இடுப்புக்கு நீளமாக இருக்கிறது என்று அங்கேயே கத்தியால் ஒரு துளை கூடுதலாகப் போட்டார். அந்தத் துளை இன்னும் இருக்கும், பார்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். அதில் அவர் எனக்காகச் செய்த மாற்று ரீடு இருக்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் இதற்கு ரீடு. ஆனால் வாய் படாத சீவாளி. அவர் அதை நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தபோது நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். நாணல் துண்டின் உட்பக்கத்தைக் குடைந்து, இரண்டு இதழாக்கி, சின்னப் பித்தளைக் குழாயின் தலையில் வைத்து மெழுகு தடவிய மஞ்சள் நூலால் சுற்றினார். பிறகு வெளிப்பக்கத்தைக் கத்தியால் சீவினார், சீவினார், சீவிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சீவலுக்கும் வாயில் வைத்துக் காகம் கரைகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதா என்று ஊதிப் பார்ப்பார். நடுவில் செம்புத் தகட்டால் ஒரு சின்னப் பட்டை. அதை மயிரிழை நகர்த்தினாலும் இதழ் திறக்கும், மூடும், மொத்தச் சுருதியும் மாறும். மூன்று மணி நேரம் ஆயிற்று. முதல் இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதைத்தான் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். முகம் மாறிவிட்டது அவருக்கு.

இந்த ஊர் ஈரக்காற்றுக்குச் சீவிய ரீடு அது. நீ இருக்கிற இடத்தில் ஆறு மாதம் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. தொடாமல் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறாய். தோல்பை விறைத்துக் காற்று கசியும், மரம் காய்ந்து வளையங்கள் கழன்று ஆடும், ரீடு குணம் மாறிப்போகும். வாசிக்கிற கை பட்டால்தான் இது நன்றாக இருக்கும். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி அழகு பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போனால் எனக்கு அங்கே உட்காரவே முடியாது. என் பிள்ளை வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்றால் எப்படி இருக்கும் சொல்.

தாத்தா அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டே, சேமஸ் எனிஸ் என்ற பைப்பரின் பைப் கதை, மறந்திருக்க மாட்டாய். எனிஸின் அப்பா 1908-ல் லண்டனில் ஒரு அடகுக் கடையில் ஒரு சாக்கை வாங்கினார். அதற்குள் துண்டு துண்டாகக் கிடந்தது டப்ளினில் காய்ன் என்ற கைவினைஞர் செய்த பழைய பைப். அதைச் சரி செய்து வாசித்தார். மகனுக்கு வந்தது. அந்த மகன்தான் 1942-லிருந்து ஐந்து வருடம் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக மேற்குக் கரை ஊர்களில் பாட்டும் மெட்டும் எழுதிச் சேர்த்தவர். 1982-ல் அவர் இறந்தபோது பைப்பை லியம் ஓஃபிளின் என்ற இன்னொரு பைப்பருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓஃபிளின் அதை மேடை மேடையாக எடுத்துப்போய் வாசித்தார். அந்தச் சாக்கை அன்று யாரும் வாங்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாத்தா கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் தேநீரைக் குடிப்பார்.

மெட்டும் அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. ஜானி டோரன் குதிரை வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராய்ப் போய்ச் சந்தையிலும் பந்தயத் திடலிலும் வாசித்தவர். கிளேரில் இருக்கிற மில்டவுன் மல்பே ஊருக்கு அவர் வந்தபோது பக்கத்தில் நின்று கேட்டவர் வில்லி கிளான்சி. பிற்பாடு அவரே பெரிய பைப்பர் ஆனார். டோரனின் வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது 1947-ல் டப்ளினில் இசைத்தட்டில் பதிந்த சில மெட்டுகள் மட்டும். 1950-ல் அவர் இறந்துபோனார். அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம், இவர் வாசித்து யாரும் வாங்கிக்கொள்ளாத மெட்டு எத்தனை இருந்திருக்கும் என்று எனக்கு வயிற்றைப் பிசையும்.

கிளான்சி 1973 தொடக்கத்தில் இறந்தார். அதே வருட ஜூலையில் அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளிக்குத்தான் நீ பதினொரு வயதில் என்னோடு வந்தாய். பகல் முழுக்க வகுப்பு, ராத்திரி மூலைக்கு மூலை வாசிப்பு. ஒரு பெரியவர் ரீல் என்கிற ஆட்ட மெட்டு ஒன்றை வாசித்து முடித்ததும் அதை யாரிடமிருந்து கற்றேன், அவர் யாரிடமிருந்து கற்றார் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்கினார். "ஏம்மா எல்லாரும் பேரு சொல்லிட்டே இருக்காங்க" என்று நீ என் காதில் கேட்டாய். ஒரே மெட்டுக்கு ஐந்து பெயர் இருக்கும், ஒரே பெயரில் மூன்று மெட்டு இருக்கும். பெயரை நம்ப முடியாது. கொடுத்த ஆளைச் சொன்னால்தான் எந்த மெட்டு, எந்தப் பாணி என்று தெரியும்.

அதனால் நோட்டேஷன் அனுப்பப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதே. நோட்டேஷன் வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். சிகாகோவில் காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீலுக்கு நோட்டு எழுதத் தெரியாது. ஞாபகத்திலிருந்து அவர் வாசித்துக் காட்ட, அவரோடு வேலை பார்த்த இன்னொரு ஓநீல் எழுதிக்கொண்டார். 1903-ல் வந்த அந்தத் தொகுப்பில் 1,850 மெட்டுகள். அது இல்லையென்றால் பாதி போயிருக்கும். ஆனால் நீ தாத்தாவிடம் நேரில் கற்றவன். தாளில் பார்த்து வாசித்தால் சுரம் வரும். கீழ் டி சுரத்தில் நின்றுகொண்டு கீழ்க்கை விரல்களை ஒவ்வொன்றாய்த் தட்டி எடுத்துத் தாத்தா போடுகிற கிரான் என்கிற அலங்காரம் வராது. இரண்டாம் பாகத்தில் ஒரு நொடி மூச்சுப் பிடிக்கிற மாதிரி நிறுத்துவாரே, அது எந்தத் தாளிலும் இல்லை. வருகிற சனிக்கிழமை உனக்கு வசதியான நேரம் சொல். மெதுவாக, நான்கு தட்டு நான்கு தட்டாக வாசிக்கிறேன், நீ திருப்பி வாசி. உனக்கு ஒன்பது வயதில் அப்படித்தான் வந்தது. கல்யாணத்தில் வாசிக்கும்போது கிளேர்க்காரர் ஒருவரிடம் கற்றது என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாசி. யாரும் கேட்காவிட்டாலும் சொல்.

இப்போது பைப் விஷயம்.

செவ்வாய் வகுப்பில் இந்த வருடம் ஒரு பெண் குழந்தை சேர்ந்திருக்கிறாள், பன்னிரண்டு வயது. அவளும் இன்னொரு பையனும் ஒரே செட்டை ஆளுக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். அவள் வாரம் இல்லாத நாட்களில் ஒரு பிரம்புக் குச்சியில் துளை இருக்கிற இடத்தை மையால் வரைந்து அதில் விரல் வைத்துப் பழகுகிறாள். போன வாரம் அந்தக் குச்சியை எனக்குக் காட்டினாள். மை விரலில் ஒட்டி ஏழு கறுப்புப் புள்ளி. ஏழு வருடம் கற்பது, ஏழு வருடம் பழகுவது, ஏழு வருடம் வாசிப்பது, அப்புறம்தான் பைப்பர் என்று இங்கே சொல்வார்கள். அதில் பாதி வாரங்கள் அவளுக்குக் குச்சியிலேயே போகின்றன.

1968-ல் மீத் மாவட்டத்துக் கடற்கரை ஊர் பெட்டிஸ்டவுனில் பைப்பர்கள் ஒன்றுகூடி நா பீபரி இல்லன் சங்கத்தைத் தொடங்கியபோது இந்த வாசிப்பு அழிந்துவிடுமோ என்ற நிலை. 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்கிற அளவுக்கு வந்திருக்கிறது என்றால், இடையில் எத்தனையோ பேர் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து அடுத்த ஆளிடம் நீட்டியிருக்கிறார்கள். தாத்தா எனக்கு நீட்டினார். நான் உன்னோடு நிறுத்திவிட்டேன்.

நீ வாசிக்கப் போகிறாய் என்றால் ஒரு வார்த்தை சொல், அந்தப் பெண்ணுக்கு என் பழைய சான்டரைக் கொடுத்து வேறு வழி பார்க்கிறேன். உண்மையாகவே வாசிப்பதாக இருந்தால் மட்டும். எனக்காகச் சொல்லாதே. வாசிக்கப் போவதில்லை என்றால் டிசம்பரில் வரும்போது கொண்டு வா. கூரியரில் போடாதே, கையிலேயே எடுத்து வா. பழைய முழுச் செட்டுகளில் தந்த வளையம் இருக்கும், எல்லையில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இதில் எல்லாம் பித்தளை, பயமில்லை. துருத்தியின் காற்றெல்லாம் போனபிறகு வாரைக் கட்டு. சான்டரைப் பையிலிருந்து கழற்றி, ரீடு அதன் மூடிக்குள் இருக்கட்டும், வெளியே எடுத்துப் பார்க்காதே. இதழில் நகம் பட்டால் போயிற்று. தகர டப்பாவைத் தனியாக உன் சட்டைப் பையில் வைத்துக்கொள்.

உனக்கு இது இழப்பு என்று எனக்குத் தெரியும். பெட்டியின் மூடிக்கு உட்புறம் நீ பென்சிலால் உன் பெயரைக் கிறுக்கியிருக்கிறாய், எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். அதை அழிக்காதே. அதற்குக் கீழே அவள் பெயருக்கு இடம் இருக்கிறது.

சனிக்கிழமை நேரம் சொல்ல மறக்காதே. விசிலைக் கழுவி வை.

அன்புடன்,
அம்மா